செவ்வாய்க்கிழமை செஸ்ஸும் சில சந்தேகப் பிராணிகளும்

பொட்டி தட்டிப் பிழைக்க பெங்களூரு வந்து பதினேழு வருஷம் ஆச்சு. இந்த ஊரைப் பற்றிப் புலம்ப விஷயத்துக்குப் பஞ்சமே இல்லை. சில்க் போர்டு சிக்னல், வீட்டு அட்வான்ஸ், வெள்ளிக்கிழமை ராத்திரி மடிவாளாவில் ஊருக்குப் பஸ் பிடிக்கிற பாடு என்று எல்லாவற்றையும் நிறைய பேர் எழுதித் தள்ளிவிட்டார்கள். நான் இன்றைக்கு செஸ் பற்றி எழுதப் போகிறேன். ஆட்டம் தெரியாதவர்கள் ஓட வேண்டாம். குதிரை தாவும், ராணி பெரிய ஆள், ராஜா மாட்டினால் ஆட்டம் க்ளோஸ். இவ்வளவு தெரிந்தால் போதும் :-)

செஸ் டாட் காம் தளத்தில் டைட்டில்டு டியூஸ்டே என்று ஒரு போட்டி உண்டு. கிராண்ட்மாஸ்டர், இன்டர்நேஷனல் மாஸ்டர் என்று பெயருக்கு முன்னால் ஏதாவது பட்டம் வைத்திருப்பவர்கள் மட்டும் ஆடலாம். 2014ல் மாதம் ஒரு முறை என்று ஆரம்பித்தார்கள். 2020ல் கொரோனா வந்து உலகமே வீட்டுக்குள் முடங்கியபோது வாரா வாரம் என்று ஆனது. பதினொரு சுற்று. ஒவ்வொருவருக்கும் மூன்று நிமிஷம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஒரு வினாடி போனஸ். 2022 முதல் சில வருஷம் ஒரே செவ்வாயில் இரண்டு போட்டி நடத்தினார்கள். முதல் போட்டி அமெரிக்கக் கிழக்குக் கரையில் காலை 11 மணி, நமக்கு ராத்திரி எட்டரை. அங்கே குளிர்கால நேரம் வந்துவிட்டால் ஒன்பதரை. இரண்டாவது போட்டி நமக்கு விடிகாலை இரண்டரைக்கோ மூன்றரைக்கோ. எட்டரை மணி கால், ஒன்பதரை மணி கால் என்பதெல்லாம் நம்மைப் போல ஆணி பிடுங்குகிறவர்களுக்குப் பழகின நேரம்தானே. ஒரு ஸ்கிரீனில் மீட்டிங், ம்யூட்டில் நான், இன்னொரு ஸ்கிரீனில் செஸ். மேனேஜர் யாராவது இதைப் படித்தால், இது முழுக்க முழுக்கக் கற்பனை என்று எடுத்துக்கொள்ளவும்.

இந்தப் போட்டியை நான் இன்டர்நெட் சமாச்சாரமாகப் பார்ப்பதில்லை. சென்னையில் மானுவேல் ஆரோன் ஆரம்பித்த தால் செஸ் கிளப் என்று ஒன்று இருந்தது. ரஷ்யக் கலாசார மையத்தில் நடந்தது. மானுவேல் ஆரோன் யாரென்றால், 1961ல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனவர். அந்தக் கிளப்பில்தான் சின்னப் பையனாக ஆனந்த் பிளிட்ஸ் ஆடிப் பழகினார். ஜெயித்தவன் நாற்காலியில் இருப்பான், தோற்றவன் எழுந்து வரிசையில் கடைசிக்குப் போக வேண்டும். அங்கே வேகமாக ஆடி ஆடித்தான் 'மின்னல் பையன்' என்று பெயர் வாங்கினார். டைட்டில்டு டியூஸ்டே என்பது அதே வரிசைதான். என்ன, வரிசை உலகம் முழுக்க நீண்டுவிட்டது. திருச்சூர் நிஹால் சரின், வாரங்கல் அர்ஜுன் எரிகைசி எல்லாம் அந்த வரிசையில் நின்று ஜெயித்தவர்கள். விசா வேண்டாம், விமான டிக்கெட் வேண்டாம், ஐரோப்பாவில் ஹாஸ்டல் தேடி அலைய வேண்டாம். ஒரு பையனை வெளிநாட்டுப் போட்டிக்கு அனுப்ப நகையை அடகு வைத்த குடும்பங்கள் எத்தனையோ. அந்தச் செலவில் ஒரு பங்கை இந்த ஆன்லைன் வரிசை மிச்சப்படுத்திக் கொடுத்தது.

அதனால் 'ஆன்லைன் செஸ் எல்லாம் செஸ்ஸா, பாதிப்பேர் திருட்டு ஆட்டம்' என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குச் சுர்ரென்று ஏறும். திருட்டு நடக்கிறது, மறுக்கவில்லை. அதைப் பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் பிடிக்கிறேன் பேர்வழி என்று கண்ணில் பட்டவனையெல்லாம் கைகாட்டுகிற பழக்கம், திருட்டை விடப் பெரிய வியாதியாக வளர்கிறது. முக்கியமாகப் பிள்ளைகள் ஆடுகிற போட்டிகளில். இதுதான் இந்தப் பதிவின் மேட்டர். வெறுமனே கத்தாமல், ஆன்லைனில் நடந்த சில பிரபலமான ஆட்டங்களை வைத்தே பார்ப்போம். எல்லாமே டைட்டில்டு டியூஸ்டே ஆட்டங்கள் அல்ல, ஆனால் எல்லாம் அதே கம்ப்யூட்டர் திரையில் நடந்தவை.

1. கார்ல்சன் - பிரக்ஞானந்தா, பிப்ரவரி 2022

ஏர்திங்ஸ் மாஸ்டர்ஸ் என்ற ஆன்லைன் ரேபிட் போட்டி, எட்டாவது சுற்று. நமக்கு பிப்ரவரி 21, திங்கட்கிழமை விடிகாலை. பிரக்ஞானந்தாவுக்கு அப்போது 16 வயசு. அதுவரை ஏழு ஆட்டத்தில் ஒரு வெற்றி, இரண்டு டிரா, நாலு தோல்வி. எதிரில் வரிசையாக மூன்று ஆட்டம் ஜெயித்துவிட்டு வந்த உலக சாம்பியன். பையனுக்குக் கறுப்புக் காய் வேறு. 39 நகர்த்தலில் கார்ல்சன் ரிசைன் செய்தார். எப்படிக் கொண்டாடப் போகிறாய் என்று கேட்டதற்கு, போய்த் தூங்க வேண்டியதுதான் என்கிற மாதிரி பதில் சொன்னான்(ர்). மரியாதை கொடுக்க வேண்டிய ஆளாகிவிட்டார், ஆனாலும் வாய் பழக்கம்.

இங்கே ஒன்றை யோசித்துப் பாருங்கள். ஏழு ஆட்டத்தில் நாலு தோற்றவன், கறுப்பில், உலக சாம்பியனைத் தோற்கடிக்கிறான். அதே ஆட்டத்தை யாரும் கேள்விப்படாத, பெயர் தெரியாத ஒரு பையன் ஆடியிருந்தால்? 'கூட யாரோ சொல்லிக் கொடுத்திருக்கான்' என்று முதல் பத்து நிமிஷத்தில் ஆரம்பித்திருப்பார்கள். பிரக்ஞானந்தாவுக்கு அந்தப் பிரச்சினை வரவில்லை. ஏன் என்றால் அவர் யார் என்று ஊருக்கே தெரியும், நேர் போட்டிகளில் காட்டிய ஆட்டம் முன்னாலேயே கண்முன் இருந்தது. பெயர் தெரிந்தவன் ஜெயித்தால் திறமை, தெரியாதவன் ஜெயித்தால் திருட்டு என்று ஆக விடலாமா?

2. பிரக்ஞானந்தா - கார்ல்சன், மே 2022

மூன்று மாசம் கழித்து செசபிள் மாஸ்டர்ஸ். ஆட்டம் டிராவை நோக்கி நடந்துகொண்டிருந்தது. 40வது நகர்த்தலில் கார்ல்சன் தன் கறுப்புக் குதிரையைத் தப்பான இடத்துக்கு நகர்த்தினார், அடுத்த பதிலோடு ஆட்டம் முடிந்தது. உலகின் முதல் இடத்தில் இருக்கிறவர், வாரா வாரம் பயிற்சி எடுக்கிறவன் கூடச் செய்யாத தப்பைச் செய்தார். மனுஷன் ஆட்டம் அப்படித்தான். நல்லவன் மோசமாக ஆடுவான். சுமாரானவன் ஒரு நாள் அற்புதமாக ஆடுவான். ஒரே ஒரு ஆட்டத்தை வைத்து யாரையும் எடை போட முடியாது என்பதற்கு இதை விட என்ன வேண்டும்?

இந்தப் போட்டியில் இன்னொரு விஷயம் மனசில் நின்றது. பிரக்ஞானந்தா அரையிறுதியில் அனிஷ் கிரியை ஜெயித்து முடித்தபோது நம்ம ஊரில் மணி ராத்திரி இரண்டு. காலை 8.45க்குப் பதினொன்றாம் வகுப்புப் பரீட்சைக்குப் பள்ளியில் இருக்க வேண்டும் என்று பேட்டியில் சொன்னார். ஐரோப்பாக்காரனுக்குச் சாயங்கால ஆட்டம், நம்ம பிள்ளைக்கு நடுராத்திரி. இறுதிப் போட்டியில் டிங் லிரெனிடம் டைபிரேக்கில்தான் தோற்றார். அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்க்கிற நமக்கு அந்தக் கண் எரிச்சல் நன்றாகவே புரியும்.

3. இந்தியா - ரஷ்யா, ஆகஸ்ட் 30, 2020

இது ஆன்லைன் ஒலிம்பியாட் இறுதிச் சுற்று. முதல் மேட்ச் 3-3. இரண்டாவது மேட்ச்சில் நிஹால் சரினுக்கும் திவ்யா தேஷ்முக்குக்கும் நடு ஆட்டத்தில் இணைப்பு அறுந்து, நேரம் ஓடி, தோல்வி என்று பதிவானது. அவர்கள் வீட்டு வயரில் கோளாறு இல்லை. கிளவுட்ஃபிளேர் என்ற நிறுவனத்தின் சேவை அன்றைக்கு உலகம் முழுக்கப் பல இடங்களில் விழுந்துவிட்டது. முதலில் ரஷ்யா ஜெயித்ததாக அறிவிப்பு. இந்தியா முறையீடு செய்தது. விசாரித்துவிட்டு ஃபிடே தலைவர் ட்வோர்கோவிச் இரண்டு அணிக்கும் தங்கம் என்று அறிவித்தார். இதில் தங்கத்தை விட எனக்கு முக்கியம் அந்த முறையீடுதான். புகார் சொல்ல ஒரு வழி இருந்தது, கேட்க ஆள் இருந்தது, கேட்டபின் முடிவு மாறியது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

4. ஆனந்த் - நிகில் காமத், ஜூன் 13, 2021

இது நம்ம பெங்களூரு மேட்டர். கொரோனா நிவாரணத்துக்காக, பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடும் அட்சய பாத்திரா அறக்கட்டளைக்குப் பணம் திரட்ட ஆனந்த் பிரபலங்களோடு ஆன்லைனில் ஆடினார். ஆமிர் கான், சஹல், நம்ம கிச்சா சுதீப் எல்லாம் ஆடினார்கள். பெங்களூரைச் சேர்ந்த ஜெரோதா நிறுவனத்தின் நிகில் காமத்திடம் ஆனந்த் தோற்றார்! ஊர் முழுக்கப் பேச்சு. மறுநாளே காமத், கம்ப்யூட்டர் உதவியும் ஆட்டத்தை அலசுகிற ஆட்களின் உதவியும் தனக்கு இருந்தது என்று ட்விட்டரில் வெளிப்படையாகச் சொல்லி மன்னிப்பும் கேட்டார். ஆனந்த், தான் போர்டில் இருந்த நிலையைத்தான் ஆடியதாகவும் எல்லோரிடமும் அதையே எதிர்பார்த்ததாகவும் நாகரிகமாக இரண்டு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டார். மூடப்பட்ட காமத்தின் கணக்கு, அது ரேட்டிங் இல்லாத தர்ம ஆட்டம், ஆனந்தும் மேலே கொண்டுபோக விரும்பவில்லை என்ற காரணத்தில் திரும்பத் திறக்கப்பட்டது.

நான் காமத்தைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவருக்குப் பேச இடம் கிடைத்தது, விளக்கம் சொன்னார், கேட்டார்கள், விஷயம் முடிந்தது. அது சரிதான். செல்வாக்கு இல்லாதவனுக்கும் அதே மரியாதை கிடைக்குமா என்பதுதான் என் கேள்வி.

5. நீமன் - கார்ல்சன், செப்டம்பர் 19, 2022

உலகின் மிகச் சின்னப் பிரபல ஆட்டம். ஜூலியஸ் பேர் ஜெனரேஷன் கப். கார்ல்சன் கறுப்பில் ஒரே ஒரு நகர்த்தல் ஆடிவிட்டு ரிசைன் செய்து கேமராவையும் அணைத்தார். அதற்கு இரண்டு வாரம் முன் சிங்க்ஃபீல்டு கோப்பையில் ஹான்ஸ் நீமனிடம் நேர் ஆட்டத்தில் தோற்று, போட்டியிலிருந்தே விலகியிருந்தார். அப்புறம் அக்டோபரில் செஸ் டாட் காம் 72 பக்க அறிக்கை விட்டது. நீமன் நூற்றுக்கும் மேற்பட்ட ஆன்லைன் ஆட்டங்களில் ஏமாற்றியிருக்க வாய்ப்பு அதிகம் என்று அதில் இருந்தது. நேர் ஆட்டங்களில் ஏமாற்றினார் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்றும் இருந்தது. சின்ன வயசில் ஆன்லைனில் ஏமாற்றியதை நீமனே ஒப்புக்கொண்டிருந்தார். வழக்கு, சமரசம் எல்லாம் ஆகி 2023 ஆகஸ்டில் அந்த அத்தியாயம் மூடியது.

ஆக, திருட்டு கற்பனை இல்லை. பட்டம் பெற்ற வீரர்களே மாட்டியிருக்கிறார்கள். இதைச் சொல்லாமல் விட்டால் நான் சொல்ல வருவது ஒருபக்கச் சாய்வாகிவிடும்.

ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. முன்னாள் உலக சாம்பியன் கிராம்னிக் 2023 முதல் ஆன்லைன் பிளிட்ஸ் ஆடுகிறவர்கள் மேல் வரிசையாகச் சந்தேகம் எழுப்பினார். பெருவில் பிறந்த ஹோசே மார்டினெஸ் என்ற கிராண்ட்மாஸ்டர் டைட்டில்டு டியூஸ்டேயில் பெரிய கை. அவர் மேலும் சந்தேகம். கடைசியில் 2024 ஜூனில் மாட்ரிட்டில் இருவரையும் ஒரே அறையில் உட்கார வைத்து ஒரு மேட்ச் நடத்தினார்கள். மார்டினெஸ் ஜெயித்தார். 2025 நவம்பரில் நம்ம கோவாவில் நடந்த உலகக் கோப்பையில், மெக்சிகோவுக்காக ஆடி, காலிறுதி வரை போனார். திரையில் பார்த்துச் சந்தேகப்பட்ட ஆள், மரப்பலகையிலும் அப்படித்தான் ஆடினார்.

அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் டேனியல் நரோடிட்ஸ்கி மேலும் கிராம்னிக் 2024 முதல் திரும்பத் திரும்பச் சந்தேகம் எழுப்பினார். ஆயிரக்கணக்கானோர் அவருடைய பாடங்களைப் பார்த்துச் செஸ் கற்றவர்கள், நானும் அதில் ஒருவன். 2025 அக்டோபரில், 29 வயசில், நரோடிட்ஸ்கி இறந்துபோனார். அந்த மரணத்துக்கும் எதற்கும் முடிச்சுப் போட நான் யாருமில்லை. ஆனால் அந்தக் குற்றச்சாட்டுகள் தன்னை எவ்வளவு பாதித்தன என்று அவரே தன் கடைசி ஒளிபரப்பில் பேசினார். தான் தவறு செய்யவில்லை என்பது கிராம்னிக்கின் நிலை. ஃபிடே இந்த விவகாரத்தைத் தன் நெறிமுறைக் குழுவிடம் கொண்டுபோனது. இதற்கு மேல் இதில் நான் பேசவில்லை.

சரி, இவ்வளவு பெரிய இடத்து விஷயத்தை ஏன் இழுத்துக்கொண்டிருக்கிறேன்? அக்கா பையனுக்காகத்தான்.

அக்கா ஊரில் இருக்கிறாள். பையனுக்குப் பதிமூன்று. சைக்கிளில் போகிற தூரத்தில் செஸ் கிளப் எதுவும் கிடையாது. மாவட்டப் போட்டி வருஷத்துக்கு மூன்று நாலு வரும். மற்றபடி ஞாயிற்றுக்கிழமை ஒரு பயிற்சி மையம் நடத்துகிற ஆன்லைன் போட்டிதான் அவனுக்கு எல்லாம். நுழைவுக் கட்டணம் 150 ரூபாய். போன மாசம் அதில் தன்னை விட ரொம்ப ரேட்டிங் கூடின பையனை ஜெயித்துவிட்டான். ராத்திரியே பெற்றோர்கள் வாட்சப் குழுவில் அந்தப் பையனின் அப்பா ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டிருக்கிறார். 'அக்யூரசி 95 சதவீதம், இது எப்படி சாத்தியம், செக் பண்ணுங்க.' மறுநாள் காலை முடிவுப் பட்டியலில் இவன் பெயர் இல்லை. பக்கத்தில் 'ஃபேர் பிளே' என்று ஒரே வார்த்தை. அக்கா போன் போட்டுக் கேட்டதற்கு 'சிஸ்டம் ஃப்ளாக் பண்ணியிருக்கு மேடம்' என்று பதில். அதோடு 150 ரூபாயைத் திருப்பியும் அனுப்பிவிட்டார்கள். "காசையாடா தம்பி நான் கேட்டேன்?" என்று அக்கா என்னிடம் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

அந்த ஆட்டத்தை வாங்கி உட்கார்ந்து பார்த்தேன். எதிராளி, ராணியைக் கொண்டுபோய் ஒரு ஓரத்துச் சிப்பாயைத் தின்னப் போக, ராணி திரும்பி வர வழியில்லாமல் 11வது நகர்த்தலில் மாட்டிக்கொண்டது. ராணியைப் பிடிப்பது கஷ்டமே இல்லை, சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தி, குதிரையைக் கொண்டுவந்தால் ஆச்சு. ஒவ்வொரு செஸ் புத்தகத்திலும் இருக்கிற பொறி. அதன் பிறகு இருபது நகர்த்தல், ஒரு ராணி கூடுதலாக வைத்துக்கொண்டு காய்களை மாற்றி மாற்றி முடித்திருக்கிறான்.

இந்த அக்யூரசி என்கிற சமாச்சாரத்தைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். கம்ப்யூட்டர் எஞ்சின் ஒவ்வொரு நிலையிலும் எது சிறந்த நகர்த்தல் என்று கணக்குப் போடும். நீங்கள் ஆடியது அதிலிருந்து எவ்வளவு விலகியது என்று பார்த்து, எல்லாவற்றையும் சேர்த்து நூற்றுக்கு இவ்வளவு என்று மார்க் போடும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் முதல் எட்டு பத்து நகர்த்தல் மனப்பாடம், யார் ஆடினாலும் நல்ல மார்க். அவன் வெட்டினால் நீ திருப்பி வெட்டத்தான் வேண்டும், அதற்கும் நல்ல மார்க். எதிராளி ராணியைத் தூக்கிக் கொடுத்துவிட்டால் அப்புறம் புத்திசாலித்தனமான எந்த நகர்த்தலும் ஜெயிக்கும், அதற்கும் நல்ல மார்க். இரண்டு பேர் பயந்து பயந்து ஆடி டிரா செய்தால் இரண்டு பேருக்கும் தொண்ணூறுக்கு மேல் வரும். அதாவது, ஆட்டம் எவ்வளவு சுலபமாக இருந்தது என்பதைத்தான் அந்த எண் பாதிக்கு மேல் சொல்கிறது. கணக்குப் பரீட்சையில் எல்லாக் கேள்வியும் ஒன்றாம் வாய்ப்பாடு என்றால் நூற்றுக்கு நூறு வாங்கியவனை பிட் அடித்தான் என்று பிடிப்பீர்களா?

நிஜமாகத் திருட்டைத் தேடுகிறவர்கள் பார்ப்பது வேறு. கஷ்டமான நகர்த்தலுக்கும் சாதாரண வெட்டுக்கும் ஒரே மாதிரி ஏழு ஏழு வினாடி எடுத்துக்கொள்கிறானா? மனுஷன் யாரும் யோசிக்காத நகர்த்தல், திரும்பத் திரும்ப, முக்கியமான கட்டத்தில் மட்டும் வருகிறதா? நிறைய ஆட்டங்களைச் சேர்த்துப் பார்த்தால் அவனுடைய வழக்கமான பலத்துக்கும் இதற்கும் ஒட்டவில்லையா? நடுவில் வேறு விண்டோவுக்குப் போய் வருகிறானா? இதற்கெல்லாம் பல ஆட்டம் வேண்டும், பொறுமை வேண்டும், விஷயம் தெரிந்த ஆள் வேண்டும். வாட்சப்பில் ராத்திரி பத்து மணிக்கு ஒரு எண்ணைப் பார்த்து முடிவு செய்கிற காரியம் இல்லை.

அந்தப் பையன் அதற்கடுத்த ஞாயிறு எனக்குப் போன் செய்து கேட்டது இதுதான்.

"மாமா, நடுவுல ரெண்டு மூணு மூவ் வேணும்னே தப்பா ஆடட்டுமா? அப்போ பெர்சென்டேஜ் குறைஞ்சிரும்ல?"

பதிமூன்று வயசுப் பிள்ளை. நன்றாக ஆடினால் ஆபத்து என்று கற்றுக்கொண்டுவிட்டான். எந்தத் திருடனும் செஸ்ஸுக்கு இந்தக் கெடுதலைச் செய்ய முடியாது. "நீ உனக்குத் தெரிஞ்ச நல்ல மூவை ஆடு, மத்ததை நாங்க பாத்துக்கறோம்" என்று சொன்னேன். சொல்லிவிட்டேனே தவிர, 'நாங்க' என்றால் யார் என்று எனக்கே தெரியவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

இதற்கு வழி என்ன? பெரிய ராக்கெட் விஞ்ஞானம் தேவையில்லை. பிள்ளைகளுக்கு ஆன்லைன் போட்டி நடத்துகிறவர்கள் நாலு விஷயம் செய்தால் போதும்.

ஒன்று, ஒரே ஆட்டத்தை வைத்து யாரையும் நீக்கக் கூடாது. சந்தேகம் வந்தால் அந்தப் பையனின் பழைய ஆட்டங்களையும் சேர்த்து, ஒரு நல்ல பயிற்சியாளர் பார்க்க வேண்டும்.

இரண்டு, நீக்கும் முன் பிள்ளையையும் பெற்றவர்களையும் கூப்பிட்டுப் பேச வேண்டும். 'இந்த நகர்த்தலை ஏன் ஆடினாய்?' என்று அவனிடம் கேளுங்கள். தானே யோசித்து ஆடிய பையன் கையை ஆட்டி ஆட்டி விளக்குவான். எஞ்சினைப் பார்த்து ஆடியவன் முழிப்பான். இதை விட மலிவான பரிசோதனை எந்த மென்பொருளிலும் இல்லை.

மூன்று, முறையீட்டுக்கு ஒரு வழி வேண்டும். 2020ல் நிஹாலுக்கும் திவ்யாவுக்கும் கிடைத்த அந்த வழி, 150 ரூபாய் போட்டியிலும் இருக்கலாம். பெரிய கமிட்டி வேண்டாம், வேறொரு ஊர்ப் பயிற்சியாளர் ஒருவர் போதும்.

நான்கு, பெயரைப் பொதுவில் போடாதீர்கள். தப்பே செய்திருந்தாலும் பதிமூன்று வயசுப் பிள்ளை அது. கண்டித்துத் திருத்த வேண்டிய வயசு, பட்டியலில் ஒட்டுகிற வயசில்லை. குழுவில் வாய்ஸ் மெசேஜ் போடுகிற அப்பாக்களுக்கும் இதே விதி. சந்தேகம் இருந்தால் நடத்துகிறவருக்குத் தனியாக எழுதுங்கள். முன்னூறு பேர் இருக்கிற குழுவில் அடுத்த வீட்டுப் பிள்ளையை நிற்க வைக்காதீர்கள்.

இதற்கு மறுப்பு வரும் என்று தெரியும். 'இப்படி எல்லாம் பார்த்தால் பாதித் திருடன் தப்பிப்பான், நேர்மையாக ஆடுகிற பிள்ளைக்கு யார் பதில் சொல்வது?' நியாயமான கேள்விதான். தோற்ற அந்தப் பையனின் அப்பாவுக்கும் மகன் மேல் பாசம்தானே. ஆனால் இது பெரிய பரிசுப் பணம் உள்ள டைட்டில்டு டியூஸ்டே இல்லை. அங்கே முதல் பரிசு 1,000 டாலர் என்று வைத்திருந்த காலமும் உண்டு. அதற்குத் தகுந்த மாதிரி கேமரா, திரையைக் கண்காணிக்கிற மென்பொருள் என்று கறாராக இருக்கட்டும். நம்ம ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில் முதல் பரிசு ஒரு சர்டிஃபிகேட்டும் ஒரு செஸ் புத்தகமும். அதில் ஒரு திருடன் தப்பித்தால் ஒரு புத்தகம் போகும். ஒரு நல்ல பிள்ளை மாட்டினால் ஒரு ஆட்டக்காரன் போவான். எனக்கு முதல் நஷ்டம் பரவாயில்லை.

அப்புறம் ஆட்டத்தை ரசிப்பது பற்றி ஒரு வார்த்தை. திரை ஓரத்தில் வெள்ளையும் கறுப்புமாக ஏறி இறங்குகிற அந்தப் பட்டையை ஒரு வாரம் மூடி வைத்துவிட்டுப் பாருங்கள். பட்டை இருந்தால் எல்லோரும் மேதாவி. 'ஐயோ இதைப் பார்க்கலையே, மொக்கை' என்று கிராண்ட்மாஸ்டரைத் திட்டத் தோன்றும். பட்டையை மூடினால்தான் மூன்று நிமிஷக் கடிகாரத்தில் அந்த ஆள் எவ்வளவு இருட்டில் நடக்கிறார் என்பது உறைக்கும். அவர் கண்டுபிடிக்கிற நல்ல நகர்த்தலுக்குக் கை தட்டத் தோன்றும். செய்கிற தப்பு நம்ம தப்பு மாதிரியே இருக்கும். இன்னொருவன் நன்றாக ஆடும்போது முதலில் சந்தோஷமும் அப்புறம் தேவைப்பட்டால் மட்டும் சந்தேகமும் வர வேண்டும். இந்த வரிசை தலைகீழாகிவிட்டது, அதைத் திருப்பி வைத்தால் போதும்.

2020 மே கடைசியில் ஆனந்த் மூன்று மாசத்துக்கு மேல் ஜெர்மனியில் மாட்டிக்கொண்டு, ஒருவழியாக விமானம் பிடித்து இறங்கியது இந்த பெங்களூரில்தான். இங்கேதான் தனிமைப்படுத்தலில் இருந்துவிட்டுச் சென்னைக்குப் போனார். அந்த மாதங்களில் அவரும் ஆன்லைனில்தான் ஆடினார். உலக சாம்பியனாக இருந்தவருக்கே வேறு வழியில்லாத காலம் ஒன்று இருந்தது. பக்கத்தில் கிளப் இல்லாத ஊர்ப் பிள்ளைக்கு அந்தக் காலம் இன்னும் முடியவில்லை.

இந்த ஞாயிறும் அக்கா பையன் ஆடுகிறான், வேறொரு போட்டியில். தெரிந்த பயிற்சியாளர் யாராவது அவன் பழைய ஆட்டங்களைப் பார்த்துக் கருத்துச் சொல்ல முடிந்தால் சொல்லுங்கள், ஐம்பது ஆட்டம் கைவசம் வைத்திருக்கிறேன். ஜெயித்ததும் தோற்றதும் கலந்துதான் இருக்கிறது. தோற்றதுதான் அதிகம் :-)